மசுக்குட்டிப் போத்தல்

அக்காவின் அலுமாரித் தட்டில் அந்தப் பெரிய மிட்டாய்ப் போத்தல் இன்னும் இருக்கிறது. அடியில் எங்கள் ஊர் நாரந்தனை மண். அதன்மேல் ஒரு பூச்சி விட்டுப்போன வெறும் கோது. எத்தனை வீடு மாறினாலும் முதலில் வண்டியில் ஏறுவது அதுதான்.

ஊரில் மாரி பிடித்தால் முருங்கையில் மசுக்குட்டிப் புழு வந்துவிடும். பகலெல்லாம் அடிமரத்தில் கம்பளி போர்த்தியதுபோல் கும்பலாய் ஒட்டிக் கிடக்கும். இருண்டதும் ஏறி இலையை மொட்டையடிக்கும். மயிர் பட்டால் போதும், சொறிந்து மாளாது. ஓலைப் பந்தம் கொளுத்திப் பொசுக்குவதுதான் எல்லார் வீட்டிலும் வழக்கம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த என் அக்காவோ நாலைந்தைப் பிடித்துப் போத்தலில் விட்டு, வெள்ளைத் துணியால் போர்த்தி வளர்த்தாள்.

அந்தக் கார்த்திகையில் புங்குடுதீவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மதிப்பான ஆட்களுக்குக் கதிரையில் வெள்ளை விரிக்கவேண்டுமே! அவசரத்தில் அம்மா போத்தல் துணியையே உருவி, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு விரித்துவிட்டார். தேத்தண்ணி குடித்து முடியமுன்னரே பெரியவர் முதுகைக் கதிரையில் தேய்க்கத் தொடங்கினார். பிறகு எழும்பி நின்று சொறிந்தார். “இந்த வீட்டுச் சம்பந்தமே வேண்டாம்!” என்று வெளிக்கிட்டுவிட்டார். படலைவரை போன மாப்பிள்ளை மட்டும் திரும்பி வந்து போத்தலைக் காட்டி அக்காவிடம் கேட்டார்.

“உது எப்ப பூச்சியாகும்?”

“மண்ணுக்குள்ள கூடு கட்டிக் கிடக்கும். அடுத்த மாரி முதல் மழைக்குத்தான் வெளிக்கிடும்.”

அன்றிரவு அக்கா அழுதாள். அவரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

புழுக்கள் மண்ணுக்குள் இறங்கின. பங்குனி வெயிலும் சோளகக் காற்றும் போயின. “உதைத் தூக்கி எறியடி, மூதேசி!” என்று அம்மா கத்தாத நாளில்லை. அக்கா அசையவில்லை. ஐப்பசியில் முதல் மழை கொட்டிய மறுநாள் காலை, உள்ளங்கை அளவில், மஞ்சள் கலந்த மண்ணிறத்தில் ஒரு பூச்சி போத்தலைவிட்டு ஏறிவந்து சுவரில் செட்டை விரித்து இருந்தது. பின்னேரம் வாசலில் சைக்கிள் மணி. தொப்பலாய் நனைந்தபடி அவர்!

“வந்திட்டுதோ?”

“இன்னும் இல்லை. நாளைக்கும் வந்து பாருங்கோ.”

அக்கா இப்படிப் பச்சைப் பொய் சொல்லுவாளென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பெரியப்பாவை அவரே பேசிச் சரிக்கட்டினார். தையில் கல்யாணம்.

அத்தான் காலமாகிவிட்டார். நேற்று போத்தலைத் துடைத்தபடி அக்கா சொன்னாள்: “பாவம் மனுசன். நான் சொன்ன பொய்யைக் கடைசிவரைக்கும் நம்பினவர்.”

அத்தான் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார்: “உள்ளுக்கு வரேக்கையே பூச்சியைச் சுவரில கண்டனான். நாளைக்கும் வரச் சொல்லுறா, நான் ஏன் வாயைத் திறப்பான்? அக்காவுக்குச் சொல்லிப்போடாதை.”

அக்காவின் கையிலிருந்த துணியை வாங்கி, போத்தலின் மற்றப் பக்கத்தைத் துடைத்தேன்.