நூறடி

ஏரிக்கரை மரம் ஒன்றைத் தடவிக்கொண்டிருக்கிறார் இவர். பட்டையில் இரண்டு விரற்கடை அகலத்துக்கு வெளிறிப்போன ஒரு கோடு. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். காலை ஏழு மணி. ஏரி எங்கே முடிகிறது, பனிமூட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

“தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு” என்கிறார், வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியைச் சொல்வதுபோல.

நகரசபை கட்டட அனுமதி தருமுன் இடத்தைப் பார்வையிடுவது இவர் வேலை. ஏரி நிரம்பும்போது தண்ணீர் தொடுகிற கோட்டிலிருந்து நூறடிக்குள் சுவர் எழும்பக் கூடாது என்பது விதி. அதனால் ஊர் வைத்த பெயர் நூறடி. மளிகைக் கடைக்காரர்கூட “வாங்க நூறடி” என்றுதான் கூப்பிடுகிறார். “ஒரு அடி கொறைச்சுக் கூப்பிட்டாலும் அபராதம்” என்பார் இவர்.

பேச்சின் நடுவே நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்ல, மூச்சு விடுது.” சட்டைப் பையில் எப்போதும் நாணல் துண்டும் காய்ந்த சேறும். துவைக்கும்முன் உதறுகிற மனைவி, “ஏரிய அங்கயே விட்டுட்டு வரக்கூடாதா?” என்று அலுத்துக்கொள்வார்.

போன வருடம் கரையோரத்தில் முதியோர் குடியிருப்பு கட்ட வரைபடம் வந்தது. நாற்பது அறைகள், எல்லா ஜன்னலும் தண்ணீரைப் பார்த்து. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் இவருடைய அக்கா. ஓய்வுபெற்ற நர்ஸ், முட்டி தேய்ந்தவர், தாயில்லாத இவரை வளர்த்து ஆளாக்கியவர்.

பொறியாளர் கோடையில் வற்றிய கரையிலிருந்து அளந்திருந்தார். நூறடி கச்சிதமாக வந்தது. இவர் மரத்துக் கோட்டிலிருந்து அளந்தார். எழுபத்திரண்டுதான்.

“சார், எல்லாம் வயசானவங்க. தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் பொறியாளர்.

“வயசானவங்கங்கிறதாலதான் சொல்றேன். தண்ணி உள்ள வந்தா அவங்களால ஓட முடியுமா?”

அன்றே அக்காவின் போன் வந்தது. “என் ஜன்னல்தான் கெடச்சுதா ஒன் டேப்புக்கு?” அதோடு மூன்று மாதம் பேச்சில்லை. வேலையில்லாத நாளிலும் இவர் கரையில் போய் நின்றார். மனம் ஆடியதை மறைப்பதில்லை. “கையெழுத்துப் போட பேனாவக்கூட தொறந்துட்டேங்க. கை வரல.”

கட்டடம் இருபத்தெட்டடி பின்னால் போனது. நடுவிலிருந்த மரங்கள் தப்பித்தன. விதி தடுக்காத ஒன்றை மட்டும் பொறியாளருக்குச் சுட்டிக்காட்டினார்: மரங்களுக்கிடையே வளைந்து நீர்வரை இறங்கும் ஒரு நடைபாதை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் புது அறையில் இருக்கிறார். ஜன்னல் முழுக்க இலை. எங்கோ மினுங்கும் நீரின் வெளிச்சம் மட்டும் இலை இடுக்கு வழியே வந்து, கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கிறது.

“தண்ணி தெரியலடா” என்கிறார் அக்கா, கூரையைப் பார்த்தபடி.

இவர் கட்டிலுக்கடியிலிருந்து செருப்பை எடுக்கிறார். தரையில் மண்டியிட்டு, அக்காவின் வீங்கிய காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, மெதுவாக மாட்டிவிடுகிறார்.