அவர் கையெழுத்துப் போடாத விண்ணப்பம்

போன வருடம் வாக்காளர் பட்டியல் வேலைக்காக ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அரசுப் பள்ளி ஆசிரியையான எனக்குப் பாடம் நடத்துவது போக இந்த வேலையும் உண்டு.

ஒரு வீட்டு மாடியில் பீகாரிலிருந்து வந்த கொத்தனார் குடும்பம். பத்து வருடமாக இங்கேதான் இருக்கிறார்களாம். பெயர் சேர்க்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்தார். "இன்னா மேடம், இவங்களுக்கெல்லாம் ஓட்டு குடுத்துகினே போனா நாளைக்கு நம்ம கவுன்சிலரு இந்தியிலதான் பேசுவாரு. பார்டர் தாண்டி வந்த ஆளுங்களோ இன்னாவோ, யாரு கண்டா?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று அந்தக் கொத்தனாரைக் குடைந்து எடுத்துவிட்டேன். கேட்காததையும் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கீழ் வீட்டில் துணி தைக்கும் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், பேச்சு அப்படியே இந்தப் பக்கத்துப் பேச்சு. மோர் கொடுத்தார். பட்டியலில் அவர் பெயரே இல்லை என்றதும், உரிமையோடு ஆதாரை வாங்கி நானே விண்ணப்பத்தை நிரப்பினேன். சீக்கிரம் முடியட்டும் என்று எங்களில் பலர் செய்வதுதான். 'இந்தியக் குடிமகள்' என்ற இடத்தில் அவரைக் கேட்காமலே டிக் அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "இதுல கையெழுத்துப் போட்டா என்னப் புடிச்சிகினு பூடுவாங்க மேடம்" என்றார். பெற்றோர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களாம். இவர் பிறந்தது இங்கே, அகதி முகாமில். ஆதார் கொடுத்திருக்கிறார்களே தவிர, இன்னும் குடியுரிமை இல்லை. பொய் சொன்னார் என்று வழக்கு வந்தால், என்றைக்காவது கிடைக்கும் என்கிற நம்பிக்கையும் போய்விடும்.

விண்ணப்பத்தைக் கிழிக்கப் போனேன். "இருங்க மேடம், ஒரு தபா படிச்சிட்டுத் தரேன்" என்று வாங்கி, தன் பெயரில் தொடங்கி கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு அவரே நான்காகக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

மாடிக்காரரின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. அது சரிதான். கீழ் வீட்டுப் பெண்ணின் பெயர் வரவில்லை. சட்டப்படி அதுவும் சரிதான் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நினைத்தால் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. யார் வெளியாள் என்று பார்த்தாலே தெரியும் என்ற நினைப்போடு அந்தத் தெருவுக்குள் போனவள் நான். இப்போதெல்லாம் 'நீங்கள் இந்தியரா?' என்று எல்லா வீட்டிலும் கேட்கிறேன்; கேட்கும்போது யார் முகத்தையும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.