ஆஸ்பிரினை நிறுத்தப் போன நாள்

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஆஸ்பிரின். முன்பு தலைவலிக்குப் போட்ட அதே மருந்துதான், சின்ன அளவில்; ரத்தம் உறைந்து குழாயை அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் கருப்பாகப் போகும், உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார்.

போன திங்கட்கிழமை காலை அப்படித்தான் போனது. கக்கூஸில் உட்கார்ந்தபடியே மனதுக்குள் உயில் எழுதி முடித்தேன். பைக் யாருக்கு என்பதில் மட்டும் சிறு குழப்பம்.

வெளியே வந்து ஆஸ்பிரின் அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டேன். மனைவி அதை எடுத்துத் துடைத்தாள்.

"ஏனுங்க, இத நிறுத்தறதா வேண்டாமான்னு டாக்டரு சொல்லட்டும். சட்டையப் போடுங்க."

"ரத்தம் போகுது அம்மணி."

"போறவரு இவ்ளோ பேச மாட்டாருங்க."

ஆட்டோக்காரரிடம் உக்கடம் ஆஸ்பத்திரி வரைக்கும் மெதுவாகவே போகச் சொன்னேன். குலுங்கினால் மிச்சமும் கொட்டிவிடும் என்று பயம்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி சொன்னாள்: "எந்தம்பி ஊட்டுல கிடாவெட்டுங்க. ரத்தப் பொரியல மூணு தடவை வாங்கித் தின்னுபோட்டாரு."

"மச்சினன் வெக்கறப்ப எலைய மறைச்சா மரியாதையா இருக்காதுங்களே," என்றேன்.

"ஆட்டு ரத்தம் சாப்பிட்டாலும் கருப்பாப் போகும். ஆனா அதுதான்னு சும்மா விட முடியாது. வேற மாத்திரை ஏதாவது?"

"முழங்கால் வலிக்குக் கடைல வாங்கி, பத்து நாளாப் போடறனுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டும் சேந்தா வயித்துல புண்ணு வந்து நெஜமாவே கசியும். ஆஸ்பிரின் போடறேன்னு கடையில சொன்னீங்களா?"

"கடைக்காரரு கேக்கலீங்க."

ரத்தம் எடுத்துச் சோதித்ததில் ரத்த அளவு ஒன்றும் குறைந்திருக்கவில்லை. அந்த முழங்கால் மாத்திரையை இன்றோடு விட வேண்டும், ஆஸ்பிரினை நானாக நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம் என்றார். மறுபடி கருப்பாகப் போனால் விருந்தைக் காரணம் சொல்லி வீட்டில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார்.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும். கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு வசவாகத் திட்டிக்கொண்டே மாடி ஏறுகிறேன். வலி மாத்திரை வாங்க மட்டும் கடைப் பக்கம் போவதில்லை.