தவராசா என்னிடம் சொல்லாமல் பார்த்த போட்டி

பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் ஓர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "கண்ணாடியைப் பாருங்க, தோளுக்கு மேல பாருங்க, பயப்படாதீங்க" என்று என் வாய் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. என் நண்பர் தவராசாவின் மகள் அபிராமி. இங்கே பிறந்த பிள்ளை, என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள். "அங்கிள், அப்பா காலமை எழும்பேல்ல. அப்பா செத்துப்போனார்." அவ்வளவுதான் சொன்னாள். ஃபோனை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். "என்னங்க ஆச்சு, நீங்க பேசாம இருக்கீங்களே?" என்று பயந்துபோய் அந்த அம்மா பிரேக்கை மிதித்தார்.

தவராசாவை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறிந்தவர்களே, உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். புக்கெகோஹி என்ற விவசாய ஊரில் காய்கறி பொதிசெய்யும் கொட்டகையில், கேரட் கழுவும் இயந்திரத்தின் பக்கத்திலேயே வேலைக்காலம் முழுவதும் நின்றவர். நான் மதுரைக்காரன், கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். எங்களைச் சேர்த்துவைத்தது கோல்ஃப். ஊரில் அது பெரிய மனிதர்களின் ஆட்டம். இங்கே கேரட் கழுவுகிறவரும் சனிக்கிழமை காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகலாம். போனோம். பல வருடம் போனோம்.

ஒரு நாள் அவர் பந்து நீளப் புல்லுக்குள் கிடந்தது. அடிக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, "பந்து அசைஞ்சிட்டுது. எனக்கு ஒரு அடி கூட்டிப் போடுங்கோ" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "யாருங்க பாத்தா? விடுங்க" என்றேன். "நான் கண்டனான்தானே" என்றார். கோல்ஃபில் அடி குறைந்தவர்தான் ஜெயிப்பார். அந்த ஓர் அடி கூடியதில்தான் அன்றைக்கு என்னிடம் தோற்றார். வீடு வரும் வரையில் நான் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். இப்படியும் ஒரு மனிதனா என்று என் மனைவியிடமும் சொன்னேன். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இவ்வளவு எரிகிறது.

ஜப்பானில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் அந்தப் போட்டியின் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. கொட்டகையில் இயந்திரம் பொருத்த வந்த ஜப்பானியர் ஒருவர் தவராசாவுக்கு அந்தப் போட்டியின் தொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பைத்தியம் அங்கே ஆரம்பித்தது. நான் அவருக்குமேல் பைத்தியமானேன். சின்னதாகத் தொடங்கிய போட்டி அது. ஜப்பானில் பணம் கொழித்த காலத்தில் வெளிநாட்டு நட்சத்திரங்களை வரிந்துகட்டிக்கொண்டு அழைத்தார்கள். அப்போது கூட்டம் மரத்தில்கூட ஏறி நின்றதாம். பிறகு பணம் வடிந்தது, நடத்திய கம்பெனி கைமாறியது, போட்டியின் பெயர் மாறியது. நட்சத்திரங்கள் வருவது நின்றது. ஆனால் அதே பைன் மரங்கள், அதே கடைசிக் குழி, அதற்கு முன்னால் அதே குளம். ஒவ்வொரு நவம்பரிலும் அதன் கடைசி நாள் ஆட்டம் என் வீட்டு டிவியில், இங்கே வெயில் இறங்காத மாலையில் முடியும். அவர் மனைவி சறோ அக்கா கட்டிக் கொடுத்த வடையோடு தவராசா வந்துவிடுவார். எந்த வருடம் யார் எந்த மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார் என்று நான் சரித்திரம் சொல்லுவேன். "பொறுங்கோ, கதைக்காதையுங்கோ, அடிக்கப் போறான்" என்பார் அவர். அது அவருடைய செல்லப் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

கொரோனா வந்த வருடம் பார்வையாளர்களே இல்லாமல் நடத்தினார்கள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை, இழவு வீடுபோல் இருந்தது. தவராசா மட்டும் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "இந்த வருசம்தான் வடிவா இருந்தது" என்றார். "கூட்டமே இல்லாம என்னங்க வடிவு?" என்று கேட்டு அரைமணி நேரம் வாதாடினேன். அன்றைக்குத்தான் நான் கையை நீட்டி, "ஒரு வருஷம் நேர்ல போயிடணும், போனா ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றேன். "ஓம்" என்று கைகொடுத்தார். கொடுத்தார் ஐயா, இந்தக் கையில்தான் கொடுத்தார்.

எல்லைகளைத் திறந்த பிறகு ஒரு நவம்பரில், தங்கையின் வீட்டு அலுவலாகக் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கிறது என்றார். "போட்டி சமயத்துலயா?" என்று பதறினேன். "நீங்கள் பதிஞ்சு வையுங்கோ, வந்து பாப்பம்" என்றார். நான் பதிந்து வைத்தேன். அவர் வரும்வரை முடிவு காதில் விழக்கூடாது என்று செய்தி பார்க்கவில்லை, கோல்ஃப் நண்பர்களின் ஃபோனை எடுக்கவில்லை, என் மனைவி வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டேன். வந்தார். கொழும்புக் கஜு என்று ஒரு முந்திரிப் பொட்டலமும் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். கடைசிக் குழியில், "இவன் தண்ணிக்குள்ள விடப்போறான் பாருங்க" என்றேன். "பொறுங்கோ, கதைக்காதையுங்கோ" என்றார். பந்து குளத்தைத் தாண்டிப் போய்க் கடைசியில் குழியில் விழுந்தபோது, "அட கடவுளே!" என்று எழுந்தே நின்றார். நானும் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தேன்.

மனுகாவ் தகன மண்டபத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அவரைப் பற்றிப் பேச என்னை விட்டால் யார்? பேசினேன். புல்லுக்குள் அசைந்த பந்தைச் சொன்னேன், போட்டியைச் சொன்னேன், கைகொடுத்ததைச் சொன்னேன். "சேர்ந்துதான் போறதுன்னு இருந்தோம். ஜப்பான் மண்ணை மிதிக்காமலே போயிட்டாரே!" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் அழவில்லை. ஒருவர் இருமினார். எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். திரும்பினேன். அபிராமி தொகுத்த படங்கள் திரையில் மாறிக்கொண்டிருந்தன. போட்டியின் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே, அந்தப் பழைய தொப்பியோடு, பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டு தவராசா நின்றார். அடுத்த படம் ஒரு குளம். அந்தக் குளத்தை எனக்கா தெரியாது? எப்படி மேடையை விட்டு இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

வெளியே ஒருவர் என் தோளைத் தொட்டு, "உங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாருப்பா" என்றார். எல்லார்கிட்டயும்! நீங்கள் அத்தனை பேரும் இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். அவர் கொழும்பில் வாங்கிய கஜு என்று நான் உங்களுக்கே தின்னக் கொடுத்திருக்கிறேன். நல்லா இருங்கள்.

எட்டாம் நாள் காரியமான எட்டுச் செலவு அன்று புக்கெகோஹியில் அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன், மனைவி விடவில்லை. சாப்பாடு முடிந்து ஆட்கள் குறைந்ததும் சறோ அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"ஏன் அக்கா எங்கிட்ட மறைச்சார்?"

"சொன்னா நீங்களும் வருவியள் எண்டு பயந்தவர், தம்பி."

"வந்தா என்ன?"

"வந்தா கதைப்பியள்."

என் மனைவி எழுந்து அடுக்களைப் பக்கம் போனாள். சிரிப்பை அடக்கத்தான் போனாள், எனக்குத் தெரியும். சறோ அக்கா சிரிக்கவில்லை. "குறை நினைக்காதையுங்கோ. மிசினுக்குப் பக்கத்தில நிண்டு நிண்டு தலைக்குள்ள எந்த நேரமும் இரைச்சல் எண்டு சொல்லுவார். ஆக்கள் இல்லாத அந்த வருசம், பந்து குழிக்குள்ள விழுற சத்தம் டிவியில கேட்டதாம். அதை ஒருக்கா நேர நிண்டு கேக்கோணும் எண்டுதான் போனவர். ஒருத்தன் அடிக்கிற நேரம் ஜப்பான் சனம் மூச்சும் விடாதாம்."

"கேட்டாரா?"

"கேட்டுது சறோ எண்டு எயார்போர்ட்டில வச்சே சொன்னவர்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேனே, அக்கா!" என்றேன். அக்கா என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். கிளம்பும்போது அந்தத் தொப்பியை என் கையில் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன தலையில் இருந்த தொப்பி எனக்கு எதற்கு?

யாரும் காணாத ஒரு பந்து அசைந்ததற்குத் தன்மேல் ஓர் அடி கூட்டிப் போட்டுக்கொண்ட மனிதர், எனக்குச் செய்ததற்கு என்ன போட்டுக்கொண்டார்? என் பக்கத்தில் உட்கார்ந்து "அட கடவுளே" என்று நடித்ததை யாரும் காணவில்லை என்று நினைத்தாரா? அவர் கண்டவர்தானே! என் பேச்சு பொறுக்கவில்லை என்றால், பொறுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன், பிறகு வந்திருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவர் எனக்குக் கொடுக்கவில்லை. போன மனிதரை மன்னித்துவிடவேண்டும் என்கிறார்கள். என்னால் இன்னும் முடியவில்லை.

போன வாரம் இந்த வருடப் போட்டியின் கடைசி நாள். வேண்டாம் என்றுதான் இருந்தேன், கை தானாக டிவியைப் போட்டது. அவர் நாற்காலியை நகர்த்தாமல் அப்படியே விட்டிருந்தேன். என்னால் முடியும் என்று காட்டவேண்டும் என்ற வீம்பில், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாக்கு துடித்தது. பைன் மரத்தடியில் ஒருவன் மாட்டிக்கொண்டபோது பழைய கதை தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். கடைசிக் குழியில் கூட்டம் அடங்கியது. வீரன் தட்டிய பந்து மெல்ல உருண்டு விளிம்புக்கு வந்து உள்ளே விழுந்தது. கைதட்டல் எழுவதற்கு முன்னால் ஒரு சின்ன சத்தம். பெட்டி மூடியது போல, அவ்வளவுதான். இத்தனை வருடம் இதே டிவியில், இதே நாற்காலியில் இருந்தும் நான் கேட்டிராத சத்தம்.

பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டுச்சுய்யா" என்றேன். "துரோகி, கேட்டுச்சு."