டயர் தடத்தில் ஓர் ஆட்காட்டி

கொழும்பை ஒட்டிய அந்த ஈரநிலப் பூங்காவுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை என்பது எனக்கும் நண்பன் ரிஸ்வானுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு ஞாயிறு விடியற்காலை, வெள்ளவத்தையில் இருந்து போய், வேலி சரிந்த இடத்தால் உள்ளே நுழைந்தோம். சேற்றில் சறுக்கி ஓடுவதில் எங்களுக்கு அப்படியொரு பைத்தியம்.

பனிமூட்டத்துக்குள் ஓர் ஆட்காட்டிப் பறவை கத்திக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் சுற்றியது. எங்கே திரும்பினாலும் விடவில்லை. திடீரென அதன் சத்தம் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

என் டயர் கிழித்த தடத்தின் மேலேயே அது அடைகாத்துக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் எழுந்து விலகியது. மூன்று முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. நாலாவதில் மெல்லிய விரிசல். அதற்குள் இருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது.

"மச்சான், உள்ளுக்குள்ள உயிரோட கிடக்கு," என்றேன்.

ரிஸ்வானின் முகம் வெளிறியது. "கைய வைக்காதே. தாய் வரட்டும். பைக்க தள்ளிட்டே போவோம், வா."

நாங்கள் விலகியதும் பறவை மறுபடி வந்து, நசுங்கிய மூன்றையும் சேர்த்தே அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

இப்போது பைக் ஓட்டத்துக்கென ஒதுக்கிய பாதைகளில் மட்டுமே ஓட்டுகிறேன். அந்த ஒரு முட்டை பொரிந்ததா என்று போய்ப் பார்க்கும் துணிவு மட்டும் இன்றுவரை எனக்கு வரவில்லை.