அண்ணனின் ஒன்பதாவது இடம்

அம்மா என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. அன்று மொஹிங்காவுக்கு, பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸுக்கு, வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒங்கண்ணன டீம்லயே வச்சுக்கப்பா. ஆட்டம்னு ஒண்ணு இருந்தா மலேசியா போவ மாட்டான்."

மலேசியாவுக்கு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு தயாராக இருந்தான். "மேட்ச் முடியட்டும், சொல்றேன்" என்று அண்ணன்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பேஸ்பால் டீமில் யார் ஆடுவது என்று முடிவு செய்வது என் வேலை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். ஆங்கிலத்தில் இருந்த விதிகளைப் படித்துச் சொல்லப்போய் அந்தப் பொறுப்பும் தலையில் விழுந்தது.

அண்ணன், எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அலோன் என்கிற படகுத்துறையில் சுமை இறக்குகிறவன். தர்பூசணி வந்தால் ஆட்கள் வரிசையாக நின்று கைக்குக் கை வீசுவார்கள். விறைப்பாகப் பிடித்தால் பழம் வெடித்துவிடும். வருகிற வேகத்தோடு கையைப் பின்னுக்கு இழுத்து வாங்க வேண்டும். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, ஷார்ட் ஸ்டாப்பில் நின்று அண்ணன் பந்தையும் அப்படித்தான் வாங்குவான். தரையோடு எவ்வளவு வேகமாக வந்தாலும் சத்தமே இருக்காது. ஆனால் மூட்டை சுமந்து இடது தோள் இறங்கிப்போயிருந்தது. மட்டையை முழுதாகச் சுழற்ற முடியாது. அதனால் மட்டை பிடிப்பதில் கடைசி ஆள், ஒன்பதாவது.

அந்த நேரத்தில் மிங்கலாடோன் பக்கத்திலிருந்து ஒருவன் எங்கள் தெருவுக்குக் குடிவந்தான். அவன் அடித்தால் பந்து கிடங்குச் சுவரைத் தாண்டி ஆற்றில் விழும். எங்களிடம் பந்துகள் குறைவு. பயிற்சியில் அவனை மெதுவாக அடிக்கச் சொல்லிக் கெஞ்சுவோம்.

மற்ற எட்டு இடங்களும் முடிவாகிவிட்டன; ஒன்பதாவது அண்ணனா, புதியவனா என்பதுதான் பாக்கி. டீக்கடையில் கேப்டன் பர்மியத்தில் கேட்டான்.

"ஓட்டம் எடுக்காம எப்படிடா ஜெயிக்கிறது?"

"ஆகோ," என்று பர்மிய வழக்கப்படி அவனை அண்ணா போட்டுச் சொன்னேன். "நம்ம ஆள் போடுற பந்த தரையோடதான் அடிப்பாங்க. பாதி ஷார்ட்டுக்குத்தான் வரும். புதுசா வந்தவன் எடுக்குற ஓட்டத்த விட, எங்கண்ணன் தடுக்குற ஓட்டம் கூட."

"இது படிச்ச கணக்கா, ஒங்கம்மா சொன்ன கணக்கா?"

"ரெண்டுந்தான்."

அவன் சிரித்துவிட்டு என் தேநீரையும் எடுத்துக் குடித்தான். அண்ணன் ஆடுவதென்று முடிவாயிற்று.

மேட்சில் என் கணக்கு தப்பவில்லை. அண்ணன் நின்ற பக்கம் ஒரு பந்தும் தாண்டவில்லை. எதிரணிக்காரர்களே ஒருமுறை கைதட்டினார்கள். கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தோம். எங்கள் ஆட்கள் இருவர் தளங்களில் காத்திருந்தார்கள். இன்னொருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மட்டை பிடிக்க வேண்டிய முறை அண்ணனுடையது.

மாற்று ஆளை அனுப்ப விதியில் இடமுண்டு. கேப்டன் என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் இடது தோளை ஒருமுறை உருட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு யாரையும் கேட்காமல் பெஞ்சுக்கு நடந்து, மட்டையைப் புதியவன் மடியில் வைத்தான்.

"ஆத்துலயே போடு. நான் எடுத்தாறேன்."

அவன் ஆற்றிலேயே போட்டான். ஜெயித்துவிட்டோம். பையன்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் அண்ணனைத் தேடினேன். இடுப்பளவு தண்ணீரில் கைலியைத் தூக்கிப் பிடித்தபடி பந்து மிதந்து வருவதற்காக நின்றுகொண்டிருந்தான். சேறும் சகதியுமாகக் கரையேறி வந்து, பந்தை என் சட்டையிலேயே துடைத்துக் கையில் கொடுத்தான்.

"இனிமே அவனையே போடு தம்பி."

"ஷார்ட்ல அவன் நிக்க மாட்டாண்ணே. பந்து காலுக்கடியில போவும்."

"போனா போவுது. அடிக்கிறான்ல."

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஏஜெண்டுக்குப் போன் செய்தான். நான் பந்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வாசலில் நின்ற அம்மா, ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பினாங்கிலிருந்து கூப்பிடுகிறான். பேச்சு எப்படியும் டீமுக்கு வந்துவிடும்.

"ஷார்ட்ல பந்து போவுதா?"

"போவுதுண்ணே."

"அவன் அடிக்கிறானா?"

"அடிக்கிறான்."

"அப்பறம் என்ன."

போனுக்கு ரொம்பப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மா என் முழங்கையை இடிப்பாள்.

"எடம் காலியாத்தான் கெடக்குன்னு சொல்லுப்பா."