அத்தையின் துப்பாக்கியைக் கடையில் வைத்த நாள்

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நெய்வேலியில் பலா மரம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். துப்பாக்கி இருந்த வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.

அது என் அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் சிரித்தே அனுப்பிவிட்டு எங்களோடு தங்கியிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ருட்டி போகிற வழியில் முந்திரித் தோப்புகளைத் தாண்டியிருந்த துப்பாக்கிச் சங்கத்து மைதானத்துக்குச் சுடுவதற்குப் போவாள். வேட்டை கிடையாது. வானத்தில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடுகிற போட்டி அது. என்னையும் இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறாள்.

துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, அத்தை அசையாமல் நிற்பாள். பிறகு "புல்!" என்று ஒரு சத்தம் போடுவாள். உடனே ஒரு குழிக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று சீறிக்கொண்டு மேலே பறக்கும். வெடிச்சத்தம் என் நெஞ்சுக்குள் இறங்குவதற்குள் தட்டு தூளாகியிருக்கும். அவள் சொன்னது 'இழு' என்கிற ஆங்கிலச் சொல் என்பது எனக்குத் தெரியாது. தரையில் முளைக்கிற புல்லைத்தான் கூப்பிடுகிறாள், அது அவள் பேச்சைக் கேட்டுத் தட்டை வீசுகிறது என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தோட்டத்துப் புல்லைப் பார்த்து நானும் கத்திப் பார்த்தேன். அதற்கு என் மேல் மரியாதை இல்லை.

துப்பாக்கி, பீரோவின் அடித்தட்டில், ஒரு தோல் பெட்டிக்குள் இரண்டு துண்டாகப் படுத்திருக்கும். அத்தை அதை எடுத்துத் துடைக்கும்போது நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. மடித்துத் திறந்த குழல்களை அவள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள். உள்ளே வெள்ளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குப் பத்து வயதானபோது அத்தைக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டு வருட கான்ட்ராக்ட். விசா வந்தது, டிக்கெட் வந்தது. துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது. காவல் நிலையத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னாள்.

"ஸ்டேஷன்லயும் ஒப்படைக்கலாம், லைசென்ஸ் இருக்கிற துப்பாக்கிக் கடையிலயும் வைக்கலாமாம். ரெண்டு வருஷம்னா கடைதான் நல்லதுன்னாங்க. அப்பப்ப எண்ணெய் போட்டு வைப்பாங்களாம். கடலூர்ல ஒரு கடை இருக்கு."

அப்போதுதான் அப்பா நிமிர்ந்தார்.

அந்த வருடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. என்ன உடம்புக்கு என்று கேட்டால் அம்மா "பிரஷர்" என்பாள். மைன்ஸில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்று மாதமாக மெடிக்கல் லீவில் இருந்தார். என் சிநேகிதிகளின் அப்பாக்கள் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவார்கள். என் அப்பா மட்டும் எந்நேரமும் விழித்திருந்தார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதே நாற்காலியில் இருப்பார். நான் சொல்வதையெல்லாம் கேட்பார். பதில்தான் வராது.

அந்த அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்து, "கடைக்கு எதுக்கு? பீரோவுலயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"லைசென்ஸ் என் பேர்ல இருக்குண்ணே. நான் இல்லாதப்ப இங்க இருக்கக் கூடாது."

"என் பேருக்கும் ஒண்ணு வாங்கிடலாமே. நாளைக்கே எழுதிப் போடறேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதத்தில் அப்பா ஒரு விஷயத்தைப் பற்றி இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. மறுநாள் அவர் முகச்சவரம் செய்துகொண்டார். பேனா எடுத்து ஒரு தாளில் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். துப்பாக்கியை எப்படித் திறப்பது, தோட்டாக்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று அத்தையிடம் கேட்டார். "தோட்டாவெல்லாம் சங்கத்துலயே குடுத்துட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு அத்தை வேறு பேச்சுக்குப் போனாள்.

அவள் மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. அண்ணன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார், ஒரு பொருளை விட்டுப்போக மனசு வரவில்லையே என்று நினைத்தேன். அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அப்பா பழையபடி ஆகிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடலூருக்குப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம், பெட்டியின் மேல் வைத்திருந்த லைசென்ஸ் புத்தகத்தை எடுத்தேன். அது இல்லாமல் கடையில் வாங்கமாட்டார்கள் என்று அத்தையே சொல்லியிருந்தாள். என் சமூக அறிவியல் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள் அதைச் செருகிவிட்டேன்.

காலையில் அப்பா பிளாக்கைச் சுற்றி நடக்கப் போயிருந்தார். அத்தை தேடத் தொடங்கினாள். முதலில் பொறுமையாக, பிறகு வேகமாக. பீரோவிலிருந்த புடவைகள் எல்லாம் தரைக்கு வந்தன. அரிசி டின்னைக்கூடத் திறந்து பார்த்தாள். கடைசியில் துணிக்குவியலின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கைகள் ஏற்கெனவே உதறிய புடவையையே மறுபடி மறுபடி உதறிக்கொண்டிருந்தன. பறக்கிற தட்டை நோக்கி நீளும்போது இம்மியும் ஆடாத கைகள் அவை. நான் வாசற்படியில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன் அண்ணி" என்றாள் அத்தை. "இதை இங்க விட்டுட்டு நான் போக முடியாது."

"நீ போகாம இருந்தா அவருக்கு இன்னும் கஷ்டமாயிடும்டி" என்றாள் அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒரு சின்னப் புத்தகத்துக்காக வெளிநாட்டையே விடுவார்களா? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அதை எடுத்து வந்து நீட்டினேன். முதுகில் நாலு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அத்தை என் இரண்டு தோள்களையும் பிடித்தாள்.

"யாரு எடுக்கச் சொன்னது? அப்பாவா?"

"இல்ல. நானேதான்."

"நிஜமா சொல்லு. அப்பா சொன்னாரா?"

"இல்ல அத்தை. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது."

மூன்றாவது முறையும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். அதன் பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்ட கட்டு இருக்கிறதே, விலா எலும்பெல்லாம் வலித்தது. தப்புச் செய்தவளை இப்படிக் கொஞ்சுகிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடலூருக்கு என்னையும் கூட்டிப் போனாள். வடலூரில் பஸ் ஏறிய ஒரு அம்மாள், எங்கள் மடியில் குறுக்கே கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, நாயனமா?" என்று கேட்டார். அத்தை "ஆமாங்க" என்றாள். "எங்க கச்சேரி?" "மஸ்கட்ல." அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கடல் தாண்டிப் போயி வாசிக்கிறியா! நல்லா இரும்மா" என்று வாழ்த்தினார். அன்று முழுவதும் அத்தை சிரித்தது அந்த ஒரு முறைதான்.

துப்பாக்கிக் கடை நான் நினைத்ததுபோல் கோட்டையாக இல்லை. நகைக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருந்தது. ஆனால் உள்ளே சுவர் முழுக்கத் துப்பாக்கிகள் சங்கிலி கோத்து நிறுத்தப்பட்டிருந்தன. சர்ச்சுக்குள் நுழைந்ததுபோல் என் குரல் தானாகத் தாழ்ந்துபோயிற்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு தொங்கியது.

"இதெல்லாம் விக்கிறதுக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. பாதி, திரும்பி வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனவங்களோடது" என்றார் கடைக்காரர்.

அவர் குழலில் வெட்டியிருந்த எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு வைத்துச் சரிபார்த்தார். அத்தை நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு ரசீது கொடுத்து, "திரும்ப எடுக்கறப்ப நீங்களே நேர்ல வரணும். வேற யார் வந்தாலும் தரமாட்டோம்" என்றார்.

"யார் வந்தாலும் தரமாட்டீங்கல்ல?" என்று அத்தை கேட்டாள்.

"கூடப் பொறந்தவங்க வந்தாலும் தரமாட்டோம்மா."

அத்தை அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, வாய் திறந்திருக்க, குழந்தைபோல் தூங்கினாள்.

வீட்டில் அப்பா அதே நாற்காலியில் இருந்தார். "வச்சிட்டியா?" என்றார்.

"வச்சிட்டேண்ணே."

அவர் தலையை ஆட்டினார். "நல்லது பண்ணினம்மா" என்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமும் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கிக்காகப் பெரிய மனிதர் இப்படி அழுவாரா என்று நான் மலைத்து நின்றேன்.

அப்பா மெல்ல மெல்லத் தேறினார். அடுத்த பொங்கலுக்குள் ஷிப்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். இரண்டு வருடம் கழித்து வந்த அத்தை அந்தத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. அந்தக் கடையிலேயே விற்றுவிட்டாள். அப்பா அந்த வருடம் போய்க்கொண்டிருந்தது பிரஷர் டாக்டரிடம் அல்ல, மனநல மருத்துவரிடம் என்பதையும், உயிரோடு இருக்க வேண்டாம் என்று அவர் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார் என்பதையும் நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். லைசென்ஸ் புத்தகத்தை ஒளித்து வைத்த அந்தப் பழுப்பு அட்டைதான் அன்று என் கண் முன்னால் வந்து நின்றது.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு எதுவும் தெரியாது. அம்மாவும் அத்தையும் சமையலறைக்குப் போன பிறகு, நான் அப்பாவின் நாற்காலிக் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"அழாதீங்கப்பா. ரெண்டே வருஷம்தான். அத்தை வந்ததும் நாம போய் எடுத்துட்டு வந்துடலாம்."

அப்பா என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "வேணாம்மா" என்றார். கேட்டது கிடைக்காத கோபத்தில் சொல்கிறார், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.